தேதி தவறிய பசி

எங்கள் ஊரில் முந்நூற்றுப் பதினாறு ஆண்களுக்கு, அவரவர் மனைவியின் பசி ஒரு சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்குத் திரும்பி வந்தது. காரணம் அடியேன். உடந்தை, ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு மெத்தைக் கடை விளம்பரமும். நான் தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் புரூப் பார்ப்பவன். வருடத்தின் முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் மெஷினுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்ப்பது என் கண்தான் என்று பெண் பார்க்கப் போன அன்றே மாமனாரிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தக் கண்ணின் லட்சணத்தை இனிமேல் சொல்கிறேன்.

கணவனின் ஆயுளுக்காக மணமான பெண்கள் வருடத்தில் ஒரு நாள் விரதம் இருப்பார்கள். அன்று சூரியன் எழுந்ததிலிருந்து மறுநாள் சூரியன் எழும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. நிலவின் கணக்கில் வருகிற நாள் என்பதால் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். எந்தத் தேதி என்று யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, எங்கள் காலண்டரைத்தான் பார்ப்பார்கள். கோயில் பூசாரியே அதைத்தான் பார்ப்பார். அந்தத் தாளின் மூலையில் ஒரு சின்ன விளக்குப் படம் போடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் விளக்கு வெள்ளிக்கிழமைத் தாளில் வந்திருந்தது, சரியாகவே வந்திருந்தது. ஆனால் அதே தாளில் பாதி இடத்தை மெத்தைக் கடைக்காரர் வாங்கியிருந்தார். அவர் விளம்பரத்தில் ஒருவன் மெத்தையில் மல்லாந்து தூங்குவான். விளக்கு அவன் தொப்புளின் மேல் எரிந்துகொண்டிருந்தது. இதை விட்டால் மெத்தைக்காரர் முதலாளியைப் பிடிப்பார், முதலாளி என்னைப் பிடிப்பார். வியாழக்கிழமைத் தாளோ வெறிச்சோடிக் கிடந்தது. விளம்பரத்தைச் சுருக்கித் தரும்வரை விளக்கு அங்கே இருக்கட்டும், அப்புறம் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து அதை ஒரு நாள் முன்னால் தள்ளினேன். அதற்குப் பிறகு தாள்களின் அடியில் வரும் 'இன்றைய சிந்தனை'யில் ஒற்றுப்பிழைகளை வேட்டையாடப் புறப்பட்டவன், நாற்பத்தோரு பிழைகளைக் கொன்று வெற்றி வீரனாக வீடு திரும்பினேன். விளக்கு வியாழக்கிழமையிலேயே எரிந்தது.

அந்த வியாழக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லோரும் பட்டினி கிடந்தார்கள். வெள்ளிக்கிழமை எழுந்து குளித்துச் சாப்பிட்டார்கள். சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு எங்கள் தெரு வங்கி மேனேஜர் பாதி முகம் சவரம் செய்த நிலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். அதே நிமிடம் பஸ் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார், தையற்காரர் வெட்டும் மேசையின் மேல் படுத்துக்கொண்டார், பள்ளிக்கூட வாத்தியார் காலை டியூஷனில் வருகைப் பதிவை நடுவில் நிறுத்தினார். டாக்டர் முதல் ஒன்பது பேருக்கு வாயு என்று எழுதிக் கொடுத்தார், பத்தாவது ஆளுக்குச் சீட்டு எழுதும்போது அவரே மேசையில் சாய்ந்தார். மேனேஜர் பதினோரு வாழைப்பழம் சாப்பிட்டுப் பார்த்தார். பழங்கள் வயிற்றுக்குப் போயின, பசி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது அவருடைய பசியே இல்லை, அவரிடம் குடியிருக்க மட்டும் வந்திருக்கிறது என்று அன்று யாருக்கும் புரியவில்லை.

முதலில் புரிந்துகொண்டவர் தபால்காரர். அவரும் மணமானவர்தான், பையைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தபடி எனக்கு விளக்கினார். "இது டெலிவரி ஆகாத தபால் சார். வாங்கற நாள்ல போகல, அங்க வாங்க ஆள் இல்ல. ஒரு நாள் கவுண்டர்ல கிடந்துட்டு, கவர் மேல யார் பேர் இருக்கோ அந்த வீட்டுக்கே வந்துருச்சு. எங்கயோ தேதி தப்பியிருக்கு. உங்களுக்குத் தெரியாததா?" எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அதுவரை உண்மையாகவே தெரியாது. சொல்லி முடித்த அடுத்த கணம் அந்த மெத்தையில் தூங்கியவனின் தொப்புள் என் கண்முன் வந்து நின்றது.

அச்சகத்துக்கு ஓடி, ஜோசியர் கையால் எழுதிக் கொடுத்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வெள்ளி என்றுதான் இருந்தது. முதலாளி காகிதக் கட்டின் மேல் சுருண்டு படுத்திருந்தார், அவர் மனைவி விரதத்தில் கறாரானவர். பட்டியலையும் காலண்டரையும் அருகருகே வைத்துக் காட்டினேன். படுத்த வாக்கிலேயே பார்த்தார்.

"யோவ் சிவப்புப் பென்சிலு, ஊர்ல எத்தனை பேர் வீட்டுல நம்ம காலண்டர் தொங்குது?"

"எல்லார் வீட்டுலயும், முதலாளி."

"அப்ப எல்லார் கையிலயும் உதை வாங்கணும். வாயைத் திறந்தே, அச்சகத்துக்கும் பூட்டு, உன் வேலைக்கும் பூட்டு. எனக்கே இங்க உயிர் போகுது, உனக்கு மட்டும் எப்படிய்யா நெட்டுக்குத்தலா நிக்க முடியுது?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. காலையில் இரண்டு தட்டு சாப்பிட்டு ஏப்பமும் விட்டுவிட்டு வந்திருந்தேன். தெருவில் ஆளாளுக்கு மடங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது, நமக்கு உடம்பு கல்லுபோல என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டுதான் நடந்தேன். இப்போது கணக்கு வேறு மாதிரி விழுந்தது. விரதம் இருந்த ஒவ்வொருத்தியின் பசியும் அவள் புருஷனிடம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அப்படியென்றால் என் மனைவி விரதம் இருக்கவில்லை. இல்லாவிட்டால் இருந்திருக்கிறாள், வேறு யார் பெயருக்கோ. இந்த இரண்டில் எது மேல் என்று நின்று யோசித்துப் பார்த்தேன், இரண்டுமே பிடிக்கவில்லை. அதனால் சட்டென்று மார்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, எனக்கும்தான் முதலாளி" என்று காகிதக் கட்டின் மறுபக்கத்தில் சாய்ந்தேன். இப்படித்தான் முந்நூற்றுப் பதினேழாவது ஆள் உருவானான்.

வந்த பசி ஒவ்வொன்றும் அளவு தப்பாமல் வந்திருந்தது. மேனேஜர் மனைவி விரதம் இருந்தால் மூன்று தெருவுக்குத் தெரியும், "நான் இன்னிக்கு ஒண்ணும் தொடமாட்டேன்" என்று முந்தின நாளிலிருந்தே சொல்லிவைப்பார். மேனேஜருக்கு வந்த பசி ஆறேகாலுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்தது, கடைசியில் பிஸ்கட் வாசனையோடு ஓர் ஏப்பம் வந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பதினோரு மணிக்கு அவர் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிப்பதைத் தெருவே பார்த்தது. தெரு பார்த்ததை அவர் மனைவியும் பார்த்தார். அன்றிலிருந்து அந்த அம்மாள் எதையும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. தையற்காரரின் மனைவி வாயே திறக்காதவள். விரத நாளில் சமையல் இல்லை, நாள் முழுக்க ஓய்வுதானே என்று தையற்காரர் அன்று அவளுக்குப் பதினெட்டு பிளவுஸுக்கு ஊக்கு தைக்கக் கொடுத்திருந்தார். மாலை நான்கு மணிக்கு வரும் தலைவலி எப்படிப்பட்டது என்று அவருக்கு அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்குத் தெரிந்தது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பதினெட்டாவது பிளவுஸின் ஊக்கு வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது என்று பிற்பாடு சொன்னார்.

முடிதிருத்துபவரின் மனைவி இறந்து ஆறு வருடமாகியிருந்தது. அவருக்கும் வந்தது. கடையைச் சாத்திவிட்டுத் தன் சுழல்நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் என்ன என்று கேட்டேன். "அவ எங்கயிருந்து இருக்கான்னு தெரியல சார், ஆனா இன்னும் இருக்கா" என்றார். ஊரில் யாரும் இதை ஆச்சரியமாகப் பேசவில்லை. அவள் அப்படிப்பட்டவள்தான் என்றார்கள்.

மறுநாளும் அதே பசி அதே ஆறேகாலுக்கு மறுபடி வந்தது, புருஷன் துடிப்பதைப் பார்த்துப் பெண்களுக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பரிகாரம் தெரிந்தது. தையற்காரரின் மனைவி பத்து மணிக்கு இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டாள், ஊரின் மறுகோடியில் நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்த தையற்காரருக்கு வயிறு குளிர்ந்தது. பசி யாருடையதோ அவள் சாப்பிட்டால்தான் அடங்கும். மதியத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அன்று பன்னிரண்டரைக்கு அலுவலகங்களும் பட்டறைகளும் காலியாயின, ஆண்கள் வீட்டுக்கு ஓடினார்கள், மனைவிக்குச் சோறு போட. மழை வருமா என்று கேட்பதுபோல் எங்கோ பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த "சாப்டியா?" என்ற கேள்வியை ஆண்கள் கண்ணில் நீர் முட்டக் கேட்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். "இன்னும் ரெண்டு வாய், எனக்காக" என்று ஜன்னல்தோறும் கெஞ்சல் கேட்கும். பெண்கள் சும்மா விடவில்லை. கைக்கும் வாய்க்கும் நடுவில் கவளத்தை நிறுத்தி, "அந்தக் குழாய் ஒழுகுதுன்னு போன வருஷம் சொன்னேன்" என்பார்கள். எங்கள் ஊரில் இன்று ஒழுகும் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. மனைவிக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்ற விவரமே பலருக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. பஸ் டிரைவரின் மனைவிக்கு இருபத்தாறு வருடமாகக் கத்தரிக்காய் ஆகாதாம், வாரத்துக்கு மூன்று நாள் சமைத்தது அவருக்காகவாம்.

ஊரோடு நானும் பன்னிரண்டரைக்கு ஓடினேன். ஓடாவிட்டால் என் மனைவியைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? வாசல்வரை நெஞ்சைப் பிடித்து முனகிக்கொண்டு போய், உள்ளே போனதும் கையைக் கழுவி அவளுக்குத் தட்டு வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பிட்டாள். அவள் கடைசிக் கவளம் விழுங்கியதும் "அப்பாடா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டேன். இந்த நாடகம் வருடக்கணக்காக நடந்தது. நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன், முதல் ஆறு மாதம் அவள் சாப்பிட்டதுதான் உண்மையான விரதம் என்று சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் ஒருநாள் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். முடிதிருத்துபவர் கடைக்கு எதிரே ஒரு பேக்கரி. கத்தரிக்கோலை என் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவர் கள்ளமில்லாமல் சொன்னார், "அந்த வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி எதிர்க்கடையில ரெண்டு பன் வாங்கினாங்க சார். முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போனாங்க. வீட்டுல விருந்தாளியா?" விருந்தாளிதான் என்றேன். கண்ணாடியில் என் முகம், விளக்கு நகர்த்தப்பட்ட தாள் மாதிரி வெறிச்சென்று இருந்தது. சந்தேகம் தீர்ந்தது. ஊரே பட்டினி கிடந்த நாளில் என் மனைவி பன் தின்றிருக்கிறாள். என் ஆயுளுக்கு இரண்டு பன்கூடப் பெறுமானம் இல்லை என்று ஆகிவிட்டது.

நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "இந்த விரதமெல்லாம் நிஜமாவே பலிக்குதுன்னு நினைக்கறியா?" என்றேன், "நீங்க உசிரோடதானே இருக்கீங்க" என்றாள். "ஒருத்தி விரதம் இருக்கறேன்னு சொல்லிட்டு இருக்கலன்னா என்ன ஆகும்?" என்றேன், "மேனேஜர் வீட்டுல கேளுங்க" என்றாள். ஒருமுறை துணிந்து, "அன்னிக்கு நீ இருந்தியா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "உங்களுக்குத்தான் பசிக்குதே. அதுலயே தெரியலையா?" என்றாள். அதற்குமேல் கேட்க ஒரு பொய்க்காரனுக்கு வழியில்லை.

அடுத்த வருடத்துக் காலண்டரில் விளக்கைச் சரியான தாளில் வைத்தேன், மூன்று தடவை பார்த்து, முதலாளியையும் பார்க்க வைத்து. பெண்கள் சரியான நாளில் விரதம் இருந்தார்கள், அந்த வருடத்துப் பசி போகவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போனது. ஆனால் பழைய பசி ஆண்களை விட்டு நகரவில்லை. பூசாரி கேட்டவர்களிடமெல்லாம் வேளை வரும் என்றார். டாக்டர் தன் மனைவிக்கு மணி அடித்தாற்போல் உணவு கொடுத்து வந்தார், மற்றவர்களுக்கும் அதையே சீட்டில் எழுதினார். பெண்களில் யாரும் அந்தப் பசி போகவேண்டும் என்று அவசரப்பட்டதாகத் தகவல் இல்லை. விரத நாளில் மனைவி சாப்பிடமாட்டாள், ஆகவே ஆண்களின் பசி அன்று முழுக்க அடங்காது. வருடத்தில் அந்த ஒரு நாள் கடைகள் திறப்பதில்லை, பஸ் ஓடுவதில்லை, ஊரே பாயைப் போட்டுப் படுத்திருக்கும். புதிதாக மாற்றலாகி வருகிற அதிகாரிகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அவர்களும் குறித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வருட விரத நாளில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு வயிற்றில் விருந்தாளி யாரும் இல்லாததால் முந்தைய இரண்டு விரத நாட்களிலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேர்க்கடலை தின்றவன் நான். அந்த வருடம் ஏனோ கை போகவில்லை. அவள் எனக்காக இருக்காவிட்டால் போகிறது, அவள் நம்மோடு இருபத்து மூன்று வருடம் குப்பை கொட்டியதற்காக நாம் ஒரு நாள் இருந்து பார்ப்போமே என்று காலையிலிருந்து நானும் எதையும் தொடவில்லை. பத்து மணிவரை தியாகியாக இருந்தேன். ஒரு மணிக்குக் கோபக்காரனானேன். மூன்று மணிக்கு, முற்றத்தில் காயும் துணியில் இருந்த பூவேலைகூடத் தின்னக்கூடியதாகத் தெரிந்தது. அவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கு வதங்கறீங்க? உள்ள கடலை இருக்கு, போய்ச் சாப்பிடுங்க. உங்களுக்குத்தான் எதுவும் திரும்பி வரலையே" என்றாள்.

"தெரியுமா?" என்றேன்.

"முதல் நாளே தெரியும். பசிக்கிறவன் வயித்தைப் பிடிப்பான். நீங்க நெஞ்சைப் பிடிச்சீங்க."

மூன்று வருடத்து நடிப்பு ஒரே வரியில் அடிபட்டு விழுந்தது. இனி இழப்பதற்கு எதுவுமில்லை என்பதால், "அப்ப நீ எனக்காக விரதமே இருக்கல, அப்படித்தானே? ஆமான்னா ஆமான்னு சொல்லிரு" என்றேன்.

"இருந்தேன். வெள்ளிக்கிழமை இருந்தேன்."

அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். அமாவாசையிலிருந்து எண்ணினால் வெள்ளிதான் வருகிறது. நான் புதுக் காலண்டர் கொண்டுவந்த அன்றே பார்த்துவிட்டாளாம். நான் கொண்டுவரும் காலண்டரை ஒவ்வொரு வருடமும் முதல் நாளே முந்நூற்று அறுபத்தைந்து தாளும் புரட்டிப் பார்த்துவிடுவாளாம். கடைசிக் கண் என்னுடையது இல்லை என்று கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பக்கத்து வீட்டுல சொன்னேன். உங்க வீட்டுக்காரர் பார்த்து அச்சடிச்ச தேதியாச்சேன்னு சிரிச்சாங்க. அதுக்கு மேல வாதாடினா விஷயம் வெளிய வந்துரும். உங்க வேலை போயிரும். வேலை போனா பகல் முழுக்க வீட்டுல இருப்பீங்க. அதைத் தாங்கறதுக்கு எந்த விரதமும் பத்தாது."

"அந்த பன்?"

"வியாழக்கிழமை ஊர்ல ஒரு அடுப்பும் எரியல. நம்ம வீட்டுல மட்டும் தாளிச்சா வாசனை போகாதா? அதான் பன். மறுநாள் எல்லாரும் சாப்பிடறப்ப நான் சாப்பிட்ட மாதிரி இருக்கணும். உங்ககிட்டதான் நடிக்க வேண்டியிருக்கும்னு நினைச்சேன். நீங்க சாப்டியான்னு ஒரு தடவைகூடக் கேக்கல. வேலை மிச்சம்."

தெருவில் சத்தமே இல்லை. ஊரின் எல்லா வீடுகளிலும் ஆண்கள் தங்கள் மனைவியின் பசியோடு படுத்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவள் அன்று எந்த மணிக்கு எப்படித் துவண்டாள் என்று உள்ளுக்குள் தெரியும், சொல்லவேண்டியதே இல்லை. என் மனைவியின் பசி மட்டும் சரியான தேதியில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, கேட்டால்தான் உண்டு.

"அந்த வெள்ளிக்கிழமை உனக்கு ரொம்பப் பசிச்சுதா?" என்று கேட்டேன்.

வழக்கம்போல் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரொம்ப. மூணு மணிக்கே கண்ணு இருட்டிடுச்சு. சாயங்காலம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உங்களுக்குப் பரிமாறினேன். நீங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டு, உப்பு கம்மின்னீங்க."